செஃபாலூவில் ஒரு மணற்குழி

ஓடி வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆம்பிளைகளைத் துளசிகாவுக்குப் பிடிக்காது. ஆறுதலாய் நடந்து வாறன் என்று சொன்னால் என்ன, குறைந்தா போய்விடும்? "நீர் இதிலை பிள்ளையோடை இரும், நான் ஓடிப்போய்ச் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஓடி வாறன்" என்று சொல்லி, ஒற்றைக் காலில் நின்று செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்டி, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, கடற்கரைப் படியேறிச் சனத்துக்குள் மறைந்த புருஷன் கிருபனுடைய முதுகை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள், முதுகு இல்லாமல் போன பிறகும். நீலச் சேட்டு. இந்த ஊரில் நீலச் சேட்டுப் போடாத ஆம்பிளையே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அவளுடைய போனும் அந்தப் பைக்குள் போய்விட்டது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. சரி, போன் இருந்தால் மட்டும் என்ன, கூப்பிட்டு என்ன சொல்வது, பயமாய்க் கிடக்கு வாங்கோ என்றா, பட்டப்பகலில், உலகத்துச் சனமெல்லாம் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிற கடற்கரையில் இருந்துகொண்டு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிருபனின் அக்கா ஒருமுறை போனில் சொன்னாள். பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் இங்கே இருட்டே இல்லை, அதுதான் கரைச்சல். கடல் வெளிச்சம், மணல் வெளிச்சம், பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பழைய வீடுகளின் மஞ்சள் சுவர் வெளிச்சம், அதற்கும் பின்னால் ஊரை நசிக்கப் போவதுபோல எழும்பி நின்ற அந்தப் பெரிய மொட்டைப் பாறைகூட வெளிச்சம். ஒளிக்க ஓரிடமும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவளுடைய கண் முதலில் அதைத்தான் தேடும். மற்றப் பெண்கள் கடைக் கண்ணாடிக்குள் சட்டை பார்த்துக்கொண்டு போவதுபோல இவள் சுவர் பார்த்துக்கொண்டு போவாள். இது தாங்கும். இது தாங்காது. இந்தப் படிக்குக் கீழே மூன்று பேர் கொள்ளும். "மிதுஷா, தள்ளிப் போகாதேங்கோ குஞ்சு." "நான் எங்கையும் போகேல்லை அம்மா, இஞ்சைதானே நிக்கிறன்." ஓம், நிற்கிறாள். சிவப்புத் தொப்பி. சிவப்பு நல்லது, தூரத்தில் தெரியும். சிவப்புக் கூடாது, தூரத்தில் தெரியும்.

காலையில் இப்படி இருக்கவில்லை. காலையில் ரெயினுக்குள் பிள்ளை யன்னலோடு மூக்கை அமத்திக்கொண்டு கடலுக்குக் கை காட்ட, அவளும் சிரித்தவள்தான். கிருபனுக்கு இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் வயதுபோன மனுஷர் ஒருவரைப் பார்க்கிற வேலை. அவருடைய மகள் வந்து நிற்பதால் இன்றைக்கு ஒருநாள் லீவு விட்டிருந்தார்கள். "கலியாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து குசினியைத் தவிர ஒண்டும் காட்டேல்லை எண்டு நாளைக்கு நீர் சொல்லக்கூடாது பாரும்" என்றான். செஃபாலூ பழைய ஊராம், ராசா கட்டின கோயில் இருக்காம், கடலும் இருக்காம். கடல் என்றதும் அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அவளுக்குத் தெரிந்த ஒரேயொரு ஆட்டு அது. ஸ்டேஷனால் வெளிக்கிட்டு ஒடுக்கமான கல்லுத் தெருவுக்குள் வந்தபோதுதான் மேலே பார்த்தாள். வீட்டுக்கு வீடு கம்பி கட்டி, பூவும் மயிலுமாய் வளைத்த லைற்றுகள், பகலில் எரியாமல் தொங்கின. "இதென்ன, திருவிழாவோ?" அவன் ஒரு கடைக்காரனிடம் கேட்டான். "இந்த ஊர்ச் சாமிக்குத் திருவிழாவாம்." அடுத்ததை அவள் கேட்க முதலே அவனுக்கு விளங்கிவிட்டது. "வெடி இரவைக்குத்தான் துளசி. நாங்கள் பின்னேர ரெயினிலை போயிடுவம். பயப்பிடாதையும்." பயப்படாதே என்று சொன்னால் பயம் எழும்பி நின்று, என்னையா கூப்பிட்டது என்று கேட்கும். ராசா கட்டின கோயில் வாசலில் அவள் செருப்பைக் கழற்ற, "இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை, போட்டுக்கொண்டு வாரும்" என்று அவன் சிரிக்க, கோயிலுக்குள் எப்படிச் செருப்போடு போவது என்று அவள் இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு போக, பிள்ளை மானம் போனவள்போல, "அம்மா, எல்லாரும் உங்கடை செருப்பைத்தான் பாக்கினம்" என்றாள். உள்ளே உயரத்தில், பொன் நிறத்துக்குள், பெரிய கண்ணோடு ஒரு சாமி. யேசுதான். ஆனால் கும்பிட்டால் கேட்கிற கண். செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கும்பிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இண்டைக்கு நான் விழுந்து படுக்கக்கூடாது. பிள்ளைக்கு முன்னாலை படுக்கக்கூடாது. பிறகு கிருபன் ஒரு தெருவிலிருந்து வளைந்து இறங்குகிற கல்லுப் படியால் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காலத்துப் பெண்கள் உடுப்புத் தோய்த்த இடம் என்று காட்டினான். நிலத்துக்குக் கீழே, கல்லுக் கூரை, கல்லுத் தொட்டிகள், சுவரில் சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குளிர்ச்சி. காலையிலிருந்து முதல்முறையாய் அவளுடைய தோள் கீழே இறங்கியது. "இதுக்குள்ளை இருந்தால் மேலை செல் விழுந்து வெடிச்சாலும் ஒண்டும் செய்யாது" என்றாள், சந்தோஷமாய்த்தான் சொன்னாள். கிருபன் கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்தான். "உது உடுப்புத் தோய்க்கிற இடமப்பா" என்றான்.

விஷயம் என்னவென்றால், வெடிச் சத்தம் என்றால் அவளுடைய உடம்பு அவளைக் கேட்காது. வருஷப் பிறப்புக்குப் பலெர்மோச் சனம் வெடி கொளுத்தினபோது, நித்திரையில் கிடந்த பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே இழுத்துப் போட்டு, மேலே தான் படுத்துக்கொண்டு, "காதைப் பொத்து, வாயை ஆவெண்டு வை, ஆவெண்டு வை" என்று கத்தினாளாம். கிருபன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வாய் மூடியிருந்தால் செல்லடியில் காது கிழிந்துவிடும், அதைச் சொல்லித் தந்தது அப்பா. பிள்ளை சின்னன், மறந்துவிடும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். மறக்கவில்லை. நேர்சரியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஊதின பலூன் ஒன்று வெடித்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் சிரிக்க, மிதுஷா மட்டும் மேசைக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்து, காது இரண்டையும் பொத்தி, வாயை ஆவென்று வைத்துக்கொண்டு கிடந்தாளாம். ரீச்சர் கிருபனைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அன்றைக்கு அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லது. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி, "துளசி, உமக்கு வந்தது உம்மோடை போகட்டும். பிள்ளைக்குக் குடுக்காதையும்" என்றான். நல்ல மனுஷன். சண்டை முடிய முதலே இத்தாலிக்கு வந்துவிட்டவன், ரீவியில் பார்த்து அழுதவன். குடுக்காதையும். அந்தச் சொல் அவளுக்குள் மீன் முள்ளாய் நின்றது. சோற்று உருண்டை விழுங்கினாலும் போகாத முள். எதை எந்தக் கையால் கொடுத்தாள்? பாலோடு கொடுத்தாளா, தலை இழுக்கும்போது சீப்பால் கொடுத்தாளா, ரோட்டுக் கடக்கும்போது பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்கிறாளே, அதற்குள்ளால் போனதா? அதற்குப் பிறகு பிள்ளையைத் தொடும்போதெல்லாம் கையைக் கழுவிவிட்டுத் தொடவேண்டும்போல இருந்தது. இன்னொருதரம் அப்படி நடந்தால் பிள்ளைக்குள்ளும் அது நிலைத்து நின்றுவிடும். இரண்டாம் தரம்தான் நிற்கும். அவளுக்கும் முதல் செல்லடி விளையாட்டாய்த்தான் இருந்தது, பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள் என்று துள்ளிக்கொண்டு வந்தவள். ஆறாம் வகுப்பு. பிறகு பள்ளிக்கூடமே இல்லை.

சனம் படுத்திருந்தது. அவள் பார்க்கக்கூடாது என்று இருந்தாள், ஆனால் பார்க்காமல் எங்கே பார்ப்பது. கடற்கரை முழுக்கச் சனம், குப்புறவும் மல்லாக்கவும், ஒரு கை மணலுக்குள், ஒரு கால் மற்றவருடைய துவாயில், முகத்தில் தொப்பி, வெயிலில் தோல் சிவந்துபோய், அசையாமல். கடற்கரையில் சனம் இப்படிக் கிடந்ததை அவள் முன்னம் ஒருதரம் கண்டிருக்கிறாள், முள்ளிவாய்க்காலில், இதே வெள்ளை மணல், இதே மத்தியானம். அதற்குப் பிறகு கடற்கரை மணலில் அவள் இருப்பது இதுதான் முதல்தரம். கண் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்த பெடிச்சியின் வயிறு, ஏறி இறங்குது. அதற்கு அங்கால் தடித்த மனுஷன், ஏறி இறங்குது. அங்கால் ஒரு கிழவர், இல்லை. கிழவரின் வயிறு அசையவில்லை. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இவ்வளவு சனத்துக்குள் ஒருவருக்கும் தெரியவில்லையா, பக்கத்தில் மனிசிக்காரி ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டிருக்கிறாளே, சொல்லவா, எப்படிச் சொல்வது, இத்தாலியனில் செத்துப்போனார் என்பதற்கு என்ன சொல்? கிழவரின் மூக்கில் ஓர் இலையான் வந்து இருந்தது. அவர் கையை விசுக்கினார். துளசிகாவுக்கு மூச்சு வந்தது. கடவுளே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், சனம் வெயில் காய்கிறது, நான் சனத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கிருபன் எங்கே? ஓடி வாறன் என்றாரே. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கஞ்சி குடுக்கிறாங்களாம், வாங்கிக்கொண்டு ஓடி வாறன், அம்மாவோடை பங்கர்க் குழிக்குள்ளை இருங்கோ எண்டு. தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டு போன அந்த முதுகு. கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்துக்குள் செல் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். அம்மா மூன்று நாளாய்ச் சட்டி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வருவார் என்றில்லை, சட்டி வரும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நினைக்காதே. இது வேறை கடல். இது சாப்பாட்டுக் கடையில் வரிசை, திருவிழாச் சனம், கிருபன் வரிசையில் நிற்கிறார், அவ்வளவுதான். வரிசையில் நிற்கிறார். அந்தச் சொல் ஏன் இப்படிச் சுடுகிறது.

"அம்மா, விழுது! விழுது!" துளசிகா துள்ளி எழும்பினாள். விழுந்தது குழியின் கரை. மிதுஷாவும் பக்கத்து நீலக் குடைக்காரியின் மகள் கியாராவும் பிளாஸ்ரிக் சவளால் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட உலர்ந்த மணல் சரிந்து திரும்ப உள்ளேயே விழுந்தது. இரண்டும் இத்தாலியனில் ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. நேர்சரிப் பாஷை, கிளிகள் மாதிரி. "தண்ணி ஊத்துங்கோ" என்று துளசிகா சொன்னாள். சொன்னது யார் என்று அவளே திரும்பிப் பார்த்திருப்பாள். "ஈர மணலெண்டால் நிக்கும். தண்ணி ஊத்திப்போட்டு அமத்துங்கோ." பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள், ஊற்றினார்கள், அமத்தினார்கள். கரை நின்றது. "அம்மாவுக்குத் தெரியும்!" என்று மிதுஷா கூவினாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நாள் முழுக்கச் சொல்கிற வாய். கடையில் அம்மாவுக்குச் சாமான் பெயர் தெரியாது, ரீச்சர் கதைத்தால் அம்மாவுக்கு விளங்காது. துளசிகா முழங்காலில் இறங்கினாள். கையால் அள்ளினாள். முதலில் மேல் மணல், சூடு, பிறகு மங்கின மணல், ஈரம், பிறகு குளிர். கை மறக்கவில்லை. இரண்டு கையையும் நாய்போல உள்ளே இழுத்து, கவட்டுக்குள்ளால் பின்னே தள்ளுகிற அந்த வேகம், அகலமாய் வேண்டாம், நீளமாய், கடலுக்குக் குறுக்கே, கால் மடக்கிப் படுக்கிற அளவுக்கு. அப்போதெல்லாம் அவளுடைய அம்மா மேலே இருந்து சீலைகளைக் கிழித்துப் பை தைத்துத் தருவாள், மணலை நிரப்பிக் கரையில் அடுக்குவதற்கு. சாக்கு முடிந்து, பிறகு வீட்டுச் சீலை முடிந்து, கடைசியில் கூறைச் சேலை. அரக்குச் சிவப்பில் பொன் கரை. கத்தரிக்கோலை வைத்தபோது அம்மா அழவில்லை, "துணி உரம், நிக்கும்" என்றாள். சுற்றிவரத் துவாய்கள் விரிந்து கிடந்தன, மஞ்சள், பச்சை, ஊதா, நீலக் குடைக்காரியின் துவாய் அரக்குச் சிவப்பு. அதைக் கிழித்தால் நாலு பை வரும். "அம்மா, நீங்கள் நல்லாக் கிண்டுறீங்கள்!" நீலக் குடைக்காரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பிராவா, பிராவா" என்று கை தட்டினாள். துளசிகாவுக்கு வெட்கம் வந்து நிமிர்ந்தபோது குழி அவளுடைய முழங்காலுக்கு மேல் வந்திருந்தது. பிள்ளைகள் இரண்டும் உள்ளே இறங்கி இருந்தன, தலை மட்டும் தெரிய. சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தொப்பி. சரியாய் இருந்தது. இரண்டு பேர் இருக்கலாம், மேலே ஒருவர் படுக்கலாம். நான் என்ன வெட்டி வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூடவேண்டும். கிருபன் வருவதற்குள் இதை மூடவேண்டும், கண்டால் ஒன்றும் சொல்லமாட்டார், அந்தப் பார்வைதான், கல்லுத் தொட்டித் தண்ணீரைப் பார்த்த பார்வை. "வெளியிலை வாங்கோ குஞ்சு, கடலிலை கால் நனைப்பம்." "மாட்டன், இது எங்கடை வீடு." கடலைப் பார்த்து நிமிர்ந்தபோதுதான் பழைய துறைமுக மேடையில் ஆட்களைக் கண்டாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கல்லு மேடையின் நுனியில் நாலைந்து ஆம்பிளைகள், குனிந்து, நிமிர்ந்து, எதையோ வரிசையாய் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். குழாய்கள். கட்டை, நெட்டை, வாய் வானத்தைப் பார்க்க. தூண்டில்காரராய் இருக்கலாம். தூண்டிலை ஏன் வரிசையாய் நிறுத்துவான்? குடைக்கம்பாய் இருக்கலாம். குழாயின் வாய் அவளுக்குத் தெரியும், குடைக்கம்புக்கு அப்படி வாய் இல்லை. இரவைக்குத்தானே, கிருபன் சொன்னார், இரவைக்கு என்று. இரவு வெடிக்கு இப்போதே அடுக்குகிறார்கள், வேறென்ன. ஆனால் ஏன் ஒருவன் மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டுகிறான்? கேட்கலாம். நீலக் குடைக்காரி பக்கத்தில்தான் இருக்கிறாள். ஆனால் எப்படிக் கேட்பது? கடைக்காரியிடம் உப்பு எங்கே என்று கேட்கவே அரைநாள் மனதுக்குள் பாடமாக்குகிறவள் துளசிகா. "மிதுஷா, அந்த அன்ரியிட்டைக் கேளுங்கோ, அங்கை அந்த மாமாக்கள் என்ன செய்யினம் எண்டு." பிள்ளை குழிக்குள் இருந்தபடியே கீச்சுக் குரலில் கேட்டது. மனிசி கடலைப் பார்த்தாள், சிரித்தாள், கையை மேலே எறிந்து விரலை விரித்துக் காட்டினாள். "என்னவாம்?" "சாமிக்காம் அம்மா. மத்தியானமும் பூம், பூம் எண்டு வருமாம். கோயில் மணி அடிச்ச உடனையாம்." "எப்ப மணி அடிக்கும்?" பிள்ளை அதையும் கேட்டாள். "இப்பவாம்."

ஓடலாம். எங்கே? கல்லுத் தொட்டி. அந்தப் படியால் இறங்கினால் ஒன்றும் செய்யாது. எந்தத் தெரு, எல்லாத் தெருவும் ஒரேமாதிரி, லைற்று மயில், லைற்றுப் பூ. ஓடினால் கிருபன் வந்து தேடுவார், இதிலை இரும் என்று சொன்னவர். இடம் மாறினவையும் செத்தவை, இடம் மாறாமல் இருந்தவையும் செத்தவை, எது சரியென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் இங்கே சாகப்போவதில்லை, அது எனக்குத் தெரியும், மடைச்சி, உனக்குத் தெரியும்தானே, சாமிக்கு வெடி, மருந்தும் கடுதாசியும், எங்களுடைய ஊரிலும் அம்மன் தேருக்குப் போடுகிறவர்கள்தானே. செத்துப்போவது இல்லை பயம். பயம் என்னவென்றால், அந்தச் சத்தத்துக்கும் என் உடம்புக்கும் நடுவில் நான் இருக்கமாட்டேன். உடம்பு போய்விடும். பிள்ளை பார்க்கும். இரண்டாம் தரம். பெரிய கண் சாமியே, நான் செருப்பைக் கழற்றினேன், மற்றவர்கள் ஒருவரும் கழற்றவில்லை, நான் கழற்றினேன். பிள்ளைக்குச் சொல்லிவைக்கலாம், சத்தம் வரும், பயப்பிடாதேங்கோ என்று. பயப்பிடாதே என்றால் பயம் எழும்பி நிற்கும். ஒன்றும் சொல்லாமல் சிரிக்கலாம். முகத்தைச் சிரிக்க வைத்தாள். கன்னம் பிடித்துக்கொண்டது. காலை மணலுக்குள் புதைத்து வைக்கலாம், புதைத்தால் விழாது. வலது காலைப் புதைத்தாள். இடது காலைப் புதைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. இனிமையான மணி. அது முடிந்து ஒரு மூச்சு. மேடையிலிருந்து அந்தச் சின்னச் சத்தம், பெரிய சத்தத்துக்கு முன்னால் வருகிற அந்தத் 'தொப்', அதைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற அது.

வாய்க்குள் மணல். கண்ணுக்குள் மணல். முதுகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, முதுகுக்குக் காது முளைத்திருக்கிறது. கீழே மெத்தென்று இரண்டு உடம்பு, ஒன்று நெளிகிறது, ஒன்று நெளியவில்லை. எங்கேயோ ஒரு மனிசி "கியாரா! கியாரா!" என்று கத்துகிறாள். அப்பா எங்கே, சட்டி எங்கே, அம்மா, தலையைத் தூக்காதேங்கோ. வெடிமருந்து மணம். மருந்து மணத்துக்குள் தேங்காய் எண்ணெய் மணம். தேங்காய் எண்ணெய் எப்படி வந்தது? பிள்ளையின் தலை. காலையில் அவளே வைத்துவிட்ட எண்ணெய். பங்கருக்குள் யாரிடமும் எண்ணெய் இருக்கவில்லை. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல மெல்ல வந்தாள், கிணற்றுக்குள் விட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல, செஃபாலூவுக்கு. நீலக் குடைக்காரி தன் மகளை அவளுக்குக் கீழிருந்து இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். சனம் முழங்கையில் எழும்பிப் பார்த்தது. அந்தக் கிழவரும் எழும்பிப் பார்த்தார். "அம்மா, பாரம்" என்றாள் மிதுஷா. துளசிகா நிமிர்ந்தாள். பிள்ளை குழியின் அடியில் கிடந்தாள். தொப்பி ஒரு பக்கம். காது இரண்டையும் பொத்தியிருந்தாள். வாயை ஆவென்று வைத்திருந்தாள். ஒரு பல் விழுந்த இடம் தெரிய, நல்ல பிள்ளையாய், சொல்லிக் கொடுத்தபடி, அடுத்ததற்குப் பார்த்துக்கொண்டு.

குடுக்காதையும். துளசிகா எழும்பினாள். எழும்பினது என்று சொல்லமுடியாது, ஒவ்வொரு எலும்பாய் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள், ஈர மணலில் கரை கட்டுவதுபோல. பிள்ளையின் கைகளைக் காதிலிருந்து எடுத்து, ஒரு கையைத் தன் கைக்குள் வைத்து, "வாங்கோ, வெடி பாப்பம்" என்றாள். யாருடைய குரலோ. குழியின் விளிம்பில் இரண்டு பேரும் நின்றார்கள். மேடையில் 'தொப்' என்றது. உடம்பு, படு, படு, படு என்றது. படுக்கமாட்டேன். வானத்தில் வெள்ளையாய் ஒரு பஞ்சு பிறந்தது, பிறகுதான் சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது, பாறையில் அடித்துத் திரும்பி இன்னொருதரம் விழுந்தது.  கடலைப் பார். பஞ்சைப் பார். தேருக்குப் போடுகிற வெடி. கால்வழியே சிறுநீர் சூடாய் இறங்கினதோ, வேர்வையோ, தெரியவில்லை, பார்க்கவும் இல்லை. நீலக் குடைக்காரி மகளை மடியில் வைத்துக்கொண்டு என்னவோ கேட்டாள். முதலில் கோபமாய்த் தொடங்கின குரல் நடுவில் இறங்கிப்போனது. "என்னவாம்?" "அம்மாவுக்கு வருத்தமோ, சுகமில்லையோ எண்டு கேக்கிறா." "இல்லை எண்டு சொல்லுங்கோ." மிதுஷா சொல்லவில்லை. அவள் வெடியைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கியது. எவ்வளவு இறுக்கினாலும் நடுங்கியது. அதற்குள்ளால் போகிறது, இப்போதும் போகிறது, விட்டுவிடவேண்டும், ஆனால் விட்டால் அவளே விழுந்துவிடுவாள்.

"அம்மா, உங்களுக்குக் குளிருதா?"

மத்தியான வெயில். மணல் காலைச் சுட்டது. "ஓம் குஞ்சு" என்றாள் துளசிகா. "குளிருது."

பிள்ளை கையை உருவிக்கொண்டு ஓடினாள். அந்த நேரம் பார்த்து மூன்றாவது வெடித்தது. துளசிகா தனியே நின்றாள், பிடிக்க ஒன்றும் இல்லாமல், கண்ணைச் சிவப்புத் தொப்பியில் குத்தி வைத்துக்கொண்டு. சத்தத்துக்குத் தொப்பி ஒருதரம் குனிந்தது. நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா நிற்கிறாள். தொப்பி திரும்பவும் ஓடியது. வெயிலில் கிடந்து சுட்டுக்கொண்டிருந்த துவாயை இழுத்துக்கொண்டு வந்து, குழியைச் சுற்றி வந்து, நுனிக்காலில் எம்பி, "குனியுங்கோ அம்மா" என்று அவளுடைய தோளைச் சுற்றிப் போர்த்து, கழுத்தடியில் இரண்டு கையாலும் இழுத்து மூடினாள்.

படிகளில் யாரோ ஓடி வந்தார்கள். நீலச் சேட்டு, தோளில் பை, கையில் எண்ணெய் ஊறின கடுதாசிப் பொட்டலம், ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. மணலுக்குள் கால் புதையப் புதைய ஓடி வந்தவன் குழியைக் கண்டு நின்றான். குழியையும், பிள்ளையையும், கொதிக்கிற வெயிலில் துவாயால் போர்த்துக்கொண்டு விறைத்து நின்ற மனிசியையும் மாறி மாறிப் பார்த்தான். மூச்சு வாங்கினபடி, "துளசி, மத்தியானமும் போடுவாங்கள் எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது…" என்று தொடங்கினான். "அப்பா, சத்தம் போடாதேங்கோ" என்றாள் மிதுஷா. "அம்மாவுக்குக் குளிருதாம். வெடி பாத்துக்கொண்டு நிக்கிறம்." பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து, அதேபோல் கடலைப் பார்த்து நின்றாள். கைகள் காதில் இல்லை. துவாயின் நுனியைப் பிடித்திருந்தன. மேடையில் ஆள் குனிந்தான். துளசிகாவுக்குத் 'தொப்' கேட்டது, வாய் தன் பாட்டுக்கு ஆவென்று திறந்தது. பிள்ளை அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

"வாயை மூடுங்கோ அம்மா" என்றாள். "மண் போகும்."